இடது இறக்கைக்குக் கீழே ஒரு கறை

ஃபாயிஸா பல் செய்கிறவள். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்து, வாய்க்குள் போய் உட்கார வேண்டிய செராமிக் பல்லைச் செய்து கொடுப்பவள். திண்டுக்கல் பேகம்பூரில் வீட்டின் கீழ்த்தளத்து அறைகள் இரண்டும்தான் அவளுடைய லேப். வயது நாற்பத்து மூன்று. இந்த வேலைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. ஊரில் எத்தனையோ பேர் அவள் செய்த பல்லால்தான் கறி கடிக்கிறார்கள், அவளை யாருக்கும் தெரியாது. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எரிச்சலெல்லாம் வேறு விஷயத்தில்.

எல்லாருக்கும் வெள்ளைவெளேர் என்று பல் வேண்டும். ஐம்பது வயதுக்காரர் வாயில் பக்கத்துப் பற்களெல்லாம் டீக்கறை ஏறி, ஓரம் தேய்ந்து, மெல்லிய விரிசல் ஓடிக் கிடக்கும். அதற்கு நடுவில் ஒன்று மட்டும் பால் வெள்ளையாக நின்றால் பல் மாதிரியா இருக்கும்? சுவரில் வைத்த சுவிட்ச் மாதிரி இருக்கும். ஃபாயிஸா ஊசி முனைப் பிரஷ்ஷை எடுத்து ஈறுப் பக்கம் கொஞ்சம் மஞ்சள், நுனியில் கொஞ்சம் சாம்பல், முடி கனத்தில் ஒரு பழுப்புக் கோடு என்று தீட்டி, ஃபர்னஸில் வைத்து எடுத்து அனுப்புவாள். இரண்டாம் நாள் அது திரும்பி வரும். கூடவே டாக்டரின் சீட்டு: "இன்னும் வெள்ளையாக."

கொரோனா ஊரடங்கில் பல் ஆஸ்பத்திரிகளெல்லாம் மூடிக் கிடந்தபோது அவளுக்கு வேலை இல்லை. தம்பி ஃபாரிஸ் ஷார்ஜாவிலிருந்து வாங்கி வந்து, பிரிக்காமலே அலமாரியில் விட்டுப்போன பெட்டி ஒன்று இருந்தது. பிரித்தாள். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள், ஒட்டினால் ஒரு விமானம். காற்றடிக்கும் கம்ப்ரசர், பூதக்கண்ணாடி, மெல்லிய பிரஷ், நெல்மணி அளவுள்ள அரம் எல்லாம் லேபிலேயே இருந்தன. ஒரு வாரத்தில் ஒட்டிப் பெயிண்டும் அடித்துவிட்டாள். பார்த்தால் திருவிழாக் கடைப் பொம்மை மாதிரி இருந்தது. இணையத்தில் வீடியோக்களைத் தேடிப் பார்த்த பிறகுதான் பெயிண்ட் அடிப்பது பாதி வேலை என்று புரிந்தது. அடித்ததைப் பழசாக்குவது மறுபாதி. தகடுகள் சேரும் கோடுகளில் கருப்பை ஓட விட்டு, மேலே படிந்ததைத் துடைக்க வேண்டும். புகை வரும் வாயில் கரி ஏற்ற வேண்டும். கால் படும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, சக்கரத்தில் மண் பூச வேண்டும். பல்லில் அவள் செய்ய நினைத்து யாரும் செய்ய விடாத வேலை அத்தனையும் இதில் செய்யலாம். திருப்பி அனுப்ப டாக்டரும் கிடையாது.

"புதுசா இருக்குறத எதுக்கு இந்தப் பாடு படுத்துற?" என்று கணவர் முகமது யாசின் கேட்பார். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ரசாயனம் சப்ளை செய்யும் மனிதர், சாது. ஒவ்வொரு விமானத்துக்கும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். ஃபாயிஸாவுக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

மிக்-21 ரகப் போர் விமானங்களுக்கு விமானப்படை விடைகொடுத்ததை டிவியில் பார்த்தபோது, அடுத்தது இதுதான் என்று முடிவு செய்தாள். ஓரடி நீளம் வரும் மாடல். பெயிண்ட் இல்லாமல் வெறும் அலுமினியம் பளபளக்க நின்ற பழைய காலத்துத் தோற்றம் அவளுக்குப் பிடித்திருந்தது. பளபளப்புக்கு மேல் அழுக்கேற்றுவது கஷ்டம், கொஞ்சம் கூடினால் சாக்கடை, குறைந்தால் எவர்சில்வர் டம்ளர். மூன்று மாதம் பாடுபட்டாள். அது முடிகிற சமயத்தில்தான் தங்கமுத்து வந்தார்.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகையும் தென்னையும் போட்டிருக்கும் மனிதர், அறுபத்து நான்கு வயது. முன்பல் ஒன்று உடைந்துபோக, நிறம் பார்த்து வரச் சொல்லி டாக்டர் அவரை நேரே லேபுக்கு அனுப்பியிருந்தார். ஃபாயிஸா மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். அவர் பார்வை பட்டையில் இல்லை. அவள் தோளுக்குப் பின்னால் மேசைமேல் இருந்தது.

"அத யாரும்மா சர்வீஸ் பண்ணது?"

"எத?"

"அந்த மிக் ப்ளேனத்தான். எந்தக் குரூப் பயலுக பண்ணுனானுங்க, இம்புட்டு அழுக்கா நிக்குது?"

ஃபாயிஸா திரும்பிப் பார்த்தாள். "அது மாடல் சார். நான்தான் செஞ்சேன்."

"செஞ்சது நல்லாத்தான் இருக்கு. வச்சிருக்குற லட்சணத்தத்தான் கேக்குறேன்." அவர் எழுந்து போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதில் பாதிக்குமேல் இந்த ரக விமானத்தின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்த வருடங்கள். "இது என்ன மண்ணு, சக்கரத்துல?"

அந்த மண்ணில் ஃபாயிஸாவுக்குத் தனிப் பெருமை உண்டு. கடையில் விற்கும் பொடியை வாங்காமல், சின்னாளபட்டி ரோட்டோரம் அள்ளி வந்து, மூன்று முறை துணியில் சலித்துப் பூசியது. "செம்மண்ணு."

"செம்மண்ணுன்னு தெரியுது. நம்மூருச் செம்மண்ணு. நாங்க நின்னது வடக்க பாலைவனத்துல. அங்கிட்டு மண்ணு வெளுத்துப்போயி மாவு மாதிரி இருக்கும். இந்த ப்ளேனு எங்க, காந்திகிராமத்துல எறங்குச்சா?"

உள்ளறையில் அச்சுக்கு பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்த உதவியாளர் மலர்விழி வாய்விட்டுச் சிரித்தாள். ஃபாயிஸாவுக்குக் காது சூடேறியது. அவர் சொன்னது தப்பாக இருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

பல்லுக்கும் அவர் மல்லிகைப்பூ வெள்ளைதான் கேட்டார். வாதாடத் தெம்பில்லாமல் அப்படியே செய்து அனுப்பினாள். அதோடு ஆள் தொலைந்தார் என்று நினைத்தாள். அடுத்த வியாழக்கிழமை, திண்டுக்கல் வரும் பூ வண்டியிலேயே ஏறி, கையில் இலையில் சுற்றிய இரண்டு முழம் மல்லிகையோடு வாசலில் நின்றார்.

"மண்ண மாத்திட்டியா தாயி?"

மாற்றியிருந்தாள். அதை அவரிடம் சொல்லவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு வியாழன் தவறாமல் வந்தார். லேபில் எப்போதும் அடிக்கும் ரசாயன நெடியோடு மல்லிகை வாசமும் கலந்து மலர்விழிக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். டீ குடிப்பார். பிறகு ஆரம்பிப்பார். வால் குழாயில் இவள் ஏற்றிய கரி ரொம்பக் கருப்பு, அங்கே சூட்டில் தகடு நீலமாகவும் பழுப்பாகவும்தான் மாறும். இறக்கையில் இவள் சுரண்டிய கால்தடம் தப்பான இடத்தில் இருக்கிறது, அங்கே எவனும் கால் வைக்க மாட்டான், வைத்தால் வார்னிங் வாங்குவான். மூக்குப் பக்கம் அந்தப் புள்ளிகள் எதற்கு? பூச்சி அடிபட்டதா? பூச்சியைத்தான் முதலில் துடைப்போம். ஒவ்வொரு வியாழனும் அவர் போன பிறகு ஒரு வார வேலை பாழாகும். ஃபாயிஸா தின்னரைத் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி அடிப்பாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் போனில் படங்களைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தா பாருங்கண்ணே. நெசமான ப்ளேனு. நெசமான அழுக்கு. நான் ஒண்ணும் இட்டுக்கட்டல."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். "இது எறங்குன ஒடனே எடுத்தது. அரைமணி கழிச்சு எடுத்திருந்தான்னா நாங்க தொடச்சிருப்போம்."

"அப்ப உங்க நெனப்புல ப்ளேனு எப்பத்தான் அழுக்கா இருக்கும்?"

"பறக்குறப்ப."

"பறக்குறப்ப எவன் போய்ப் பாக்குறது?"

"அதத்தான் சொல்றேன். கீழ வந்துருச்சுன்னா நம்ம பொறுப்பு."

ஃபாயிஸா போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மலர்விழியிடம் அன்றைய பற்களைப் பற்றி விசாரிக்கப் போய்விட்டாள்.

கோயம்புத்தூரில் மாடல் செய்கிறவர்கள் கூடிக் கண்காட்சி நடத்துவதாகவும் வெளியூர்க்காரர்களும் போட்டியில் கலந்துகொள்ளலாம் என்றும் தெரிந்தபோது, யாசின்தான் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப வைத்தார். அவள் செய்ததை வீட்டுக்கு வெளியே எடுத்துப்போவது இதுதான் முதல் தடவை. தேதி நெருங்க நெருங்க அவளுக்கு ஓர் ஆசை வந்தது. தங்கமுத்து சொன்னதெல்லாம் போகட்டும், இந்த விமானத்தில் தனக்கென்று ஓர் இடமாவது வேண்டும். இடது இறக்கைக்குக் கீழே, ஒரு மூடியின் ஓரத்திலிருந்து ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து, காற்று இழுத்த திசையில் பின்னோக்கி ஓடியது போல ஒரு கறை. எண்ணெய் சிவப்பு. காய்ந்தால் பழுப்பு. எனாமல் பெயிண்டைத் தின்னரில் தண்ணீர் போலக் கரைத்து, ஒரு நாளைக்கு ஒரு பூச்சு என்று பன்னிரண்டு பூச்சு ஏற்றினாள். தொட்டால் விரலில் ஒட்டும் போல வந்திருந்தது. அவள் கையில் அதுவரை அப்படி ஒன்று வந்ததில்லை.

அந்த வியாழன் தங்கமுத்து விமானத்தைக் குனிந்து பார்த்தார். "இது?"

"ஹைட்ராலிக் ஆயிலு. இத மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீயும் குடிக்கவில்லை. பூவை வைத்துவிட்டுப் போய்விட்டார். சொல்லாமல் போனாரே என்று ஃபாயிஸாவுக்கு நிம்மதிதான்.

அடுத்த வியாழன், கண்காட்சிக்கு இன்னும் மூன்றே நாள். அவசரமாகக் கேட்ட பல்லை நாகல்நகர் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு அவள் திரும்பியபோது, தங்கமுத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மலர்விழி வழக்கம்போல் உள்ளே விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறாள். விமானம் அவர் இடது கையில் மல்லாந்து இருந்தது. வலது கையில் தின்னரில் நனைத்த பஞ்சுத் துணி. துணியில் பழுப்பு.

ஃபாயிஸா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க! பன்னெண்டு நாளு! பன்னெண்டு நாள் ஒக்காந்து ஏத்துனேன்!"

"ஒழுகிக்கிட்டு இருந்துச்சு தாயி."

"ஒழுகல! நான் வரஞ்சது! பிளாஸ்டிக் எங்கிட்டாவது ஒழுகுமா?"

தங்கமுத்து தன் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அதை யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனது போலப் பார்த்தார். விமானத்தை மெதுவாக மேசையில் வைத்தார்.

"எண்பத்தொம்பதுல," என்றார். "காலைல இதே எடத்துல, இதே மாதிரி ஒரு கோடு. மொத நாளு எண்ண ஊத்துனப்ப சிந்தியிருக்கும்னு நெனச்சேன். தொடச்சேன். பறக்கலாம்னு கையெழுத்துப் போட்டேன். சிந்துனது இல்ல. நான் முறுக்குன ஜாயிண்டுதான் லூசு."

ஃபாயிஸாவின் குரல் இறங்கியது. "பைலட்டு?"

"அவருக்கு ஒண்ணும் ஆகல. மேல போயி பிரஷர் எறங்கவும் பட்டுனு திருப்பிக் கொண்டாந்து பத்திரமா எறக்கிட்டாரு. என் தோள்ல தட்டிக்கூடக் குடுத்தாரு. ஒரு சத்தம் போட்டிருந்தா தேவலாம்." அவர் துணியை மடித்தார். "இந்தக் கோட்டப் பாத்துட்டுப் போன வாரம் பூரா ஒறக்கம் இல்ல. இன்னைக்கி ஒக்காந்திருந்தேன், கை போயிருச்சு."

உள்ளறை வாசலில் மலர்விழி பிளாஸ்டர் கையோடு அசையாமல் நின்றாள். ஃபாயிஸாவுக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. அதே அளவுக்கு ஆத்திரமும் வந்தது.

"ஏண்ணே, அன்னைக்கித் தொடச்சதுதான தப்பு? எங்கேருந்து ஒழுகுதுன்னு பாக்காம தொடச்சீங்க. இன்னைக்கும் அதையேதான செஞ்சிருக்கீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா," என்றார். துணியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். பூவைக் கொடுக்க மறந்து, அதையும் கையில் கொண்டே போனார்.

யாசின் சாப்பிட வந்தபோது அவள் சாப்பாட்டை எடுத்து வைக்காமல் விமானத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் எட்டிப் பார்த்து, "இப்பப் பரவால்லையே, சுத்தமா இருக்கு" என்றார்.

"செத்த நேரம் பேசாம இருங்க."

மூன்று நாளில் பன்னிரண்டு பூச்சு முடியாது. மொத்தத்தையும் துடைத்துவிட்டு வெறும் இறக்கையாக அனுப்பலாமா என்று பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்த்தாள். கறை முழுதாகப் போயிருக்கவில்லை. ஆணித் தலைகளைச் சுற்றியும் தகட்டின் கோடுகளிலும் பழுப்பு தங்கி இருந்தது. அதற்கு மேல் மெல்லிய படலமாகப் பெயிண்ட் இழுபட்டுக் கிடந்தது. நேராக இல்லை. வளைந்து, ஒரு கையின் வீச்சுக்கு அரைவட்டமாக, திரும்பவும் இன்னொரு அரைவட்டமாக. காற்று ஓடும் திசையில் கறை போடத்தான் எல்லா வீடியோவிலும் சொல்லித் தருகிறார்கள். கறையை ஒருவன் வந்து துடைத்தால் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்த எதிலும் இல்லை. அவளுக்கே தோன்றியதில்லை. ஆனால் முப்பத்தெட்டு வருடம் விமானங்களைத் துடைத்த கை, ஓரடி நீளப் பொம்மையிலும் அதே மாதிரிதான் துடைத்திருக்கிறது.

நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மனமில்லை. மறுநாள் முழுவதும் அதைப் பார்க்காமல் ஒன்பது பற்களை முடித்தாள். சாயங்காலம் எடுத்து, இறக்கையின் அடியில் பளபளக்காத வார்னிஷ் அடித்து, அந்தத் தடம் இனி யார் துடைத்தாலும் போகாதபடி பூட்டினாள். பிறகு தங்கமுத்துவுக்குப் போன் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம கோயமுத்தூரு வாங்க."

"நான் எதுக்கு தாயி?"

"எவனாவது இது என்னன்னு கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

யாசினையும் சேர்த்து மூன்று பேரும் அதிகாலைப் பேருந்தில் போனார்கள். பெட்டி ஃபாயிஸாவின் மடியில். ஒட்டன்சத்திரத்தில் ஏறிய ஓர் அம்மா, "மேல வச்சுருங்க கண்ணு, கால் வலிக்குமுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். ஜன்னல் ஓரத்தில் தங்கமுத்து வெள்ளைச் சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக, பரேடுக்குப் போகிறவர் போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கல்யாண மண்டபத்தில் நீள மேசைகள் போட்டு டாங்கிகள், கப்பல்கள், விமானங்கள் என்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மதியத்துக்கு மேல் நடுவர் வந்தார். பிரிட்டோ என்று சட்டையில் அட்டை குத்திய, முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர். சின்ன டார்ச்சை அடித்து விமானத்தைச் சுற்றிப் பார்த்தார். வால் குழாயின் நீலத்தைப் பார்த்துத் தலையாட்டினார். சக்கரத்து மண்ணைப் பார்த்து, "சூப்பர் மேடம்" என்றார். டார்ச் இடது இறக்கைக்குக் கீழே போய் நின்றது.

"இந்த எடத்துல கறைக்குப் போட்ட வாஷ் கலைஞ்சிருக்கு மேடம். காயறதுக்கு முன்னாடி கை பட்டிருச்சுங்களா?"

"கலையல தம்பி," என்றார் தங்கமுத்து. "தொடச்சிருக்கு."

"யாருங்க தொடச்சது?"

"நான்தான்."

பிரிட்டோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க எதுக்குங்க மாடலத் தொடச்சீங்க?"

"மாடலத் தொடைக்கல. ப்ளேனத் தொடச்சேன்."

பிரிட்டோவுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பேசுவதில்லை என்று வந்திருந்த ஃபாயிஸாவுக்கு வாய் நிற்கவில்லை. இவர் முப்பத்தெட்டு வருடம் விமானப்படையில் ஃபிட்டர், கசிவைக் கண்டால் இப்படித்தான் துடைப்பார்கள், இந்த வளைவைப் பாருங்கள், இது கை வீச்சு, காற்று வீச்சு இல்லை, வேண்டுமென்றேதான் இப்படி வைத்து வார்னிஷ் அடித்திருக்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பிரிட்டோ பொறுமையாகவே கேட்டார். "புரியுதுங்க மேடம். ஆனா பாக்குறவங்களுக்கு அது தெரியாதுல்லைங்க. தப்பு மாதிரிதான தெரியும்?"

"பாக்குறவங்க ஒழுங்காப் பாத்தாத் தெரியும்!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். யாசின் அவள் முழங்கையைத் தொட்டார். பிரிட்டோ தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த விமானத்துக்கு நகர்ந்தார். அவளுக்குப் பரிசு ஏதும் இல்லை. கலந்துகொண்டதற்கான சான்றிதழில் அவள் பெயர் 'ஃபைசா' என்று இருந்தது. முதல் பரிசு ஒரு ஜெட்டுக்குப் போனது. அதன் இரண்டு இறக்கைகளிலும் அளவெடுத்தது போல நேர் நேராக எண்ணெய்க் கோடுகள், எல்லாம் பின்னோக்கி.

திரும்பும் பேருந்து பழனி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றது. யாசின் டீ வாங்க இறங்கினார். கோயம்புத்தூரிலிருந்து அதுவரை தங்கமுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனம் நொந்துவிட்டதோ, ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமோ என்று ஃபாயிஸா யோசித்துக்கொண்டே வந்திருந்தாள்.

"தாயி," என்றார் அவர். "நானும் நெனச்சுப் பாத்தேன். அந்தத் தம்பி சொன்னது சரிதான்."

"என்னது?"

"தொடைக்கிறதுன்னா முழுசாத் தொடச்சிருக்கணும். பாதியில நீ வந்து சத்தம் போட்டுட்ட. இப்புடி அரைகொறையா விட்டுட்டுப் போறவன் ஃபிட்டரே இல்ல. மார்க்கக் கொறைக்கத்தான் செய்வான்."

ஃபாயிஸா அவரையே பார்த்தாள். "உங்களுக்காக நாலு பேரு முன்னாடி அந்தப் பையங்கூட மல்லுக்கட்டிட்டு வாரேன்ணே நான்!"

"அதுக்கு நான் என்ன செய்ய? தொடச்ச தடம் இன்னும் இருக்குல்ல."

யாசின் மூன்று காகிதக் கப்புகளைக் கையைச் சுட்டுக்கொண்டு ஏந்தி வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "இப்ப என்ன ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல தம்பி," என்றார் தங்கமுத்து. "அந்த வார்னிஷ எப்புடி எடுக்குறதுன்னு கேக்கத்தான்…"

ஃபாயிஸா மடியிலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டீயக் குடிங்கண்ணே," என்றாள்.